ஐஸ் உருகினால் குற்றம்

தென்னம்பாளையைச் சீவி அடியில் கலயம் கட்டினால் சாறு சொட்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதன் பேர் தெளுவு. (கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் பதநீர் என்று வாசித்துக்கொள்ளவும்.) சுண்ணாம்புக்குப் பதிலாக ஐஸ் பெட்டி கட்டியிருந்தால் அதன் பேர் நீரா. தென்னை விவசாயிகள் லைசென்ஸ் வாங்கி இறக்கலாம் என்று 2017இல் தமிழக அரசே வழி செய்துகொடுத்த சத்துபானம் அது. சுண்ணாம்பும் இல்லை, ஐஸும் இல்லை என்றால் அதன் பேர் கள். இப்போது போலீஸ் வரும்.

மரம் அதே மரம். பாளை அதே பாளை. ஏறியவரும் அவரேதான். மத்தியானம் ஐஸ் உருகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. காலையில் சத்துபான உற்பத்தியாளராக இருந்தவர் சாயங்காலம் மதுவிலக்குக் குற்றவாளி.

ஒரு குற்றத்தைத் தீர்மானிப்பது தெர்மாமீட்டர் என்றால், அந்தத் தெர்மாமீட்டரைப் பற்றி உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். இந்தப் பதிவு அதற்குத்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குடிங்க மக்களே, கூத்தாடுங்க" என்று சொல்ல இதை எழுதவில்லை. கள்ளிலும் ஆல்கஹால்தான் இருக்கிறது. தினமும் குடித்தால் அதுவும் ஆளை அழிக்கும். என் சண்டை வேறு. கள்ளை ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டால் வருடக்கணக்காக ஒரே பதில் வருகிறது: "கள் தாங்காது, சீக்கிரம் புளிச்சிடும், கலப்படம் பண்ணுவாங்க, கட்டுப்படுத்த முடியாது." ஒவ்வொரு கிராமத்துப் பால் சங்கத்துப் பாலும் குளிரூட்டப்பட்டு நகரத்துக்குப் போகிற காலத்தில் இது காரணமே இல்லை. வெறும் சாக்கு.

சாக்கு என்று ஏன் சொல்கிறேன்? அதற்கு ஜெர்மனி வரைக்கும் ஒரு நடை போய் வரவேண்டும்.

1553இல் பவேரியாவை ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஒரு உத்தரவு போட்டார். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பியர் காய்ச்சக் கூடாது. வெயில் காலத்தில் காய்ச்சிய பியர் கெட்டுப்போனது, மக்கள் கெட்ட பியர் குடித்தார்கள், அதுதான் பிரச்சினை. நம்ம ஊர் பிரச்சினையேதான், கவனியுங்கள். அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? பனிக்காலத்தில் காய்ச்சி, மலையைக் குடைந்த நிலவறைகளில் ஐஸ் கட்டிகளோடு பீப்பாயை அடுக்கிவைத்தார்கள். வெயில் காலம் முழுக்க அதை எடுத்துக் குடித்தார்கள். ஜெர்மன் மொழியில் 'லாகர்ன்' என்றால் சேமித்து வைப்பது. லாகர் பியர் என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். அதாவது, கிடங்கில் கிடந்த பியர்.

குளிரில் கிடந்தபோது ஒரு அதிசயம் நடந்தது. வெதுவெதுப்பில் வேலை செய்யும் ஈஸ்ட் தூங்கிவிட்டது. குளிரிலும் வேலை செய்யும் இன்னொரு வகை ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து அடியில் படிந்தது. பியர் தெளிந்தது, நாற்றம் போனது, ருசி கூடியது. இன்றைக்கும் லாகர் என்றால் 7 முதல் 13 டிகிரிக்குள் நொதிக்கவிட்டு, பிறகு 0 முதல் 4 டிகிரிக்குள் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். வீட்டில் காய்ச்சும் அமெரிக்கக்காரர் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதற்குள் 19 லிட்டர் எஃகு கெக் ஒன்றை நிறுத்தி, கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தம் கொடுத்து மூடிவிடுகிறார். குளிர் ஈஸ்ட்டைத் தூங்கவைக்கிறது. மூடிய கெக் ஆக்ஸிஜனை உள்ளே விடாமல் தடுக்கிறது. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். குளிர்சாதன இயந்திரத்தையே வளர்த்தெடுத்தது பியர்தான். 1870களில் கார்ல் வான் லிண்டே தன் முதல் குளிரூட்டும் இயந்திரங்களை மூனிக் நகரத்து ஸ்பாட்டன் பியர் ஆலையின் ஆதரவோடுதான் செய்தார். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பூர்வீகம் தோண்டிப் பார்த்தால் ஒரு மதுபான ஆலையின் வாசலில் போய் நிற்கும். மாவுப்பாத்திரம் வைக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் :-)

இப்போது நம்ம கள்ளுக்கு வருவோம். பியருக்குப் பார்லியை முளைகட்டி, காயவைத்து, வேகவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட வேண்டும். கள்ளுக்கு ஒரு வேலையும் இல்லை. பாளைச் சாறில் சர்க்கரை தயாராக இருக்கிறது. ஈஸ்ட் காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் ஏற்கெனவே இருக்கிறது. சொட்டு விழுந்த நிமிடமே நொதிக்க ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் 4, 5 சதவீதம் ஆல்கஹால். அதோடு லாக்டிக் அமில பாக்டீரியா கொஞ்சம் புளிப்பு சேர்க்கும். அடுத்து அசிட்டிக் அமில பாக்டீரியா வந்து ஆல்கஹாலைத் தின்று காடியாக்கும். மறுநாள் புளித்த கள், அப்படியே விட்டால் வினிகர்.

இந்த வரிசையில் எந்த இடத்தில் குளிர் போய்க் கைவைக்கும் என்று பாருங்கள். 4 டிகிரிக்குக் கீழே போனால் ஈஸ்ட் கிட்டத்தட்ட நின்றுவிடும். லாக்டிக் பாக்டீரியாவும் தளர்ந்துவிடும். அசிட்டிக் பாக்டீரியாவுக்கு உயிர்மூச்சே ஆக்ஸிஜன்தான். மூடிய எஃகு கெக்கில் அதற்கு வேலையே இல்லை. ஆக, லாகருக்குச் செய்யும் அதே இரண்டு வேலைகள், குளிர் ஒன்று, மூடி ஒன்று, கள்ளின் ஆயுளை மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்குக் கொண்டுபோய்விடும். லாகர் மாதிரி வைக்க வைக்க ருசி கூடும் என்று நான் சொல்லவில்லை. கள்ளின் ருசி அதன் புதுசில்தான் இருக்கிறது. அந்தப் புதுசை நான்கைந்து நாள் நிறுத்திவைக்க முடியும் என்பதுதான் விஷயம். உள்ளே கொஞ்சம் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கெக்கில் அழுத்தம் விடும் வால்வு கட்டாயம் வேண்டும். பிரஷர் குக்கர் வைத்திருக்கும் நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆல்கஹால் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். சீக்கிரம் குளிரவைத்தால் இனிப்பு அதிகம், போதை குறைவு. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி 42.8 சதவீதம். அங்கே இப்படி நிறுத்தும் இடம் எதுவும் குடிக்கிறவன் கையில் இல்லை.

"இதெல்லாம் கிராமத்துல நடக்கற காரியமா?" என்று கேட்பீர்கள். நடந்துகொண்டிருக்கிறது ஐயா. விடியற்காலையில் எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்தில் எந்தப் பால் சங்கத்து வாசலில் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். எருமை வைத்திருப்பவர்கள், ஜெர்சி மாடு வைத்திருப்பவர்கள், ஒரு லிட்டர்காரர், இருபது லிட்டர்காரர், எல்லாரும் தூக்குப்போசியோடு வரிசையில் நிற்பார்கள். அளந்து, கொழுப்பு பார்த்து, கணக்கில் எழுதுவார்கள். பிறகு பால் குளிரூட்டும் தொட்டிக்குப் போய் 4 டிகிரியில் லாரிக்காகக் காத்திருக்கும். பாலும் கள்ளு மாதிரிதான், வெயிலில் அரைநாள் தாங்காது. அதற்காகப் பால் கறப்பதைத் தடை செய்யவில்லை. தொட்டி வாங்கிவைத்தோம்.

பாலில் கலப்படம் இல்லையா? தண்ணீர், மாவு, யூரியா என்று எத்தனை செய்தி படித்திருக்கிறோம். யாராவது மாட்டைக் குற்றவாளி ஆக்கினார்களா? சோதனையைக் கூட்டினார்கள். கலந்தவனைப் பிடித்தார்கள். பசு தொழுவத்தில் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. தென்னைக்கும் பனைக்கும் மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

கலப்படம் பொய்யான பயம் என்று நான் சொல்லமாட்டேன். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலம், டயஸிபாம், குளோரல் ஹைட்ரேட் மாதிரி மருந்துகளைக் கலக்கிறார்கள். 2015இல் அங்கே கெடுபிடி செய்து கலப்படத்தை நிறுத்தியபோது, அந்த மருந்துக்குப் பழகியவர்கள் வலிப்பும் மனக்குழப்பமுமாக மருத்துவமனைகளை நிரப்பினார்கள். 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்தார்கள். கள்ளை எதிர்ப்பவர்கள் கையில் இருக்கும் மிக வலுவான ஆதாரம் இதுதான். அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயம் இல்லை.

ஆனால் கலப்படம் எங்கே பிறக்கிறது? ஒரு மரம் ஒரு நாளைக்குச் சில லிட்டர்தான் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நாலு மடங்கு வரும், மரம் நாலு மடங்கு சுரக்காது. செவ்வாய்க்கிழமை மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைக்கவும் முடியாது, புளித்துவிடும். அப்போதுதான் சர்க்கரைத் தண்ணீர் வருகிறது. தண்ணீர் கலந்ததில் போதை குறைகிறது என்பதால் மாத்திரை வருகிறது. சேமித்துவைக்க முடியாத சரக்குதான் கலப்படக்காரனுக்கு வாசல் திறக்கிறது. குளிர்ந்த கெக் செவ்வாய்க்கிழமையை ஞாயிற்றுக்கிழமையோடு இணைத்துவிடும். எத்தனை மரம், எத்தனை லிட்டர், எத்தனை கெக் என்று சங்கத்துப் புத்தகத்தில் கணக்கு இருக்கும். நூறு மரத்துக்காரர் இரண்டாயிரம் லிட்டர் கொண்டுவந்தால் கணக்குப்பிள்ளைக்கே தெரிந்துவிடும். சீல் வைத்த கெக்கிலிருந்து சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். திருட்டுத்தனமாக வாய்க்கால் ஓரத்தில் விற்கும் கள்ளில் எந்த அதிகாரி சாம்பிள் எடுக்கிறார்?

நம்மால் முடியாததை வேற்றுக்கிரகத்தவர்கள் செய்யவில்லை. கேரளாவில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலிருந்து மற்ற மாவட்டங்களுக்குத் தினமும் கள் போகிறது. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைச் சேர்த்து, போத்தலில் அடைத்தே விற்கின்றன. சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர் வடக்கே போனால் பெங்களூரில் உணவகத்துக்குள்ளேயே எஃகுத் தொட்டி வைத்துப் பியர் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். நாம் குக்கர் இட்லிக்கு ஐஎஸ்ஐ முத்திரை பார்ப்போம், கள்ளுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வோம்.

கொஞ்சம் வரலாறு. மல்லசமுத்திரம்காரன் இதைச் சொல்லாமல் விட்டால் ஊர் மன்னிக்காது.

திருச்செங்கோடு வட்டத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம் இருக்கிறதே, அது 1925இல் ராஜாஜி தொடங்கியது. 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். கல்கி அதில் உடன் வேலை பார்த்தார். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனதும் அக்டோபர் 1ஆம் தேதி முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல்தான் என்பதால் அன்றைக்கு நாங்களும் சேலம் மாவட்டம். அதாவது, சென்னை மாகாண மதுவிலக்கின் முதல் பரிசோதனைக்கூடம் எங்கள் ஊர்.

அந்த மனிதரோடு எனக்கு ஆயிரம் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கள்ளையும் மூடினார், சாராயத்தையும் மூடினார், அதில் வந்த அரசு வருமானத்தையும் இழந்தார். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். பெரியவர்கள் கடைக்காரரிடம் இத்தனை காலம் கட்டிய விற்பனை வரியின் ஆதி அதுதான். சரியோ தப்போ, கொள்கைக்காகப் பெட்டியைக் காலி செய்தார்.

பெரியார் கதையும் இந்த மண்ணோடுதான் சேர்ந்தது. காங்கிரஸில் இருந்தபோது கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பில் 500 தென்னை மரங்களுக்கு மேல் வெட்டிச் சாய்த்தவர் அவர். பின்னாளில் அவரே மதுவிலக்கை எதிர்த்துக் கடுமையாகப் பேசினார். மரத்தை வெட்டினால் பழக்கம் போகாது என்று ஒருவர் உணர்வதற்கு இதைவிடப் பெரிய விலை கொடுக்க முடியாது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் கருணாநிதி ஆட்சியில் திறந்தது, 1974க்குள் மறுபடி மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தது, 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் பூட்டு. சீமைச் சரக்குக்குப் பூட்டு இல்லை. அதை மொத்தமாக விற்க 1983இலேயே டாஸ்மாக் வந்தாகிவிட்டது. 2003இல் சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்த ஆரம்பித்தது. 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம்.

ராஜாஜி பெட்டியைக் காலி செய்து மதுவிலக்கு நடத்தினார். இப்போது நடப்பது பெட்டியை நிரப்பிக்கொண்டே நடத்தும் மதுவிலக்கு. கம்பெனிக்காரன் பாட்டிலுக்கு அனுமதி, மரத்துக்காரன் கலயத்துக்குக் கைவிலங்கு. 1937ஆம் வருடத்துச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், கள் இறக்குவது குற்றம், அதற்கான பாத்திரம் பண்டம் வைத்திருப்பதுகூடக் குற்றம். இங்கிலாந்தில் 1963இலும் அமெரிக்காவில் 1978இலும் "வீட்டுக்காகக் காய்ச்சிக்கொள், விற்காதே" என்று பியருக்கு வழி விட்டுவிட்டார்கள். அந்த நாடுகள் மூழ்கிவிடவில்லை. இங்கே சொந்தத் தோப்பில் சொந்த மரத்தில் ஒரு கலயம் கட்டக்கூட வழி இல்லை.

"தடையாவது உயிரைக் காப்பாத்துதே" என்பவர்களுக்கு ஒரே சொல்: கள்ளக்குறிச்சி. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் செத்தார்கள். கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்கு வரும் கரைப்பான். எந்தப் பாளையும் ஒரு ஊரையே கொல்லும் அளவுக்கு மெத்தனால் சுரந்ததில்லை. செத்தவர்கள் யார்? டாஸ்மாக் குவார்ட்டருக்குக் கையில் காசு இல்லாத கூலிக்காரர்கள். அவர்கள் கைக்கு எட்டும் விலையில், சோதனை செய்த, 4 சதவீதக் கள் ஒரு டம்ளர் சட்டப்படி கிடைத்திருந்தால் அந்தப் பாக்கெட்டை எல்லாருமே தேடிப் போயிருப்பார்களா? எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்யமாட்டேன். சிலர் பிழைத்திருந்தாலும் அது போதாதா?

பெண்கள் தரப்பு இருக்கிறது. குடியால் தாலி அடகுக்குப் போன வீடு எங்கள் தெருவிலும் உண்டு. "கள்ளையும் திறந்துவிட்டா இன்னொரு கடை, இன்னொரு அடி" என்று ஒரு அக்கா சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். அவருக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: கள்ளுச் சங்கம் வரும் ஊரில் டாஸ்மாக் கடை ஒன்று போக வேண்டும். கூடுதலாக ஒரு கடை என்றால் நானும் எதிர்ப்பேன். 42.8 போய் 4 வரட்டும். காசு போகிற இடம் ஊரைத் தாண்டாமல் மரமேறி வீட்டுக்கும் தோப்புக்காரர் வீட்டுக்கும் வரட்டும். அந்தச் சங்கத்தை மூடும் அதிகாரம் கிராமசபையில் உட்காரும் அந்த அக்காக்கள் கையிலேயே இருக்கட்டும். டாஸ்மாக்கை மூடச் சொல்லி எத்தனை கிராமசபைகள் தீர்மானம் போட்டன, என்ன நடந்தது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு வட்டம் போதும், முன்னோட்டமாக. 1937இல் சேலம் மாவட்டத்தில் பரிசோதனை செய்தார்கள் அல்லவா, இப்போது திருச்செங்கோடு வட்டத்தில் செய்யட்டும். பதிவு செய்த மரங்கள், உரிமம் வாங்கிய மரமேறிகள். இறக்கிய சில மணி நேரத்துக்குள் சங்கத்துக்கு வர வேண்டும், 4 டிகிரிக்குக் குளிர வேண்டும், எண் போட்ட எஃகு கெக்கில் சீல் ஆக வேண்டும். வட்டத்துக்குள் மட்டும் விற்பனை, தேதி தாண்டினால் காடிக்கு. கலப்படம் செய்தவருக்கு ஆயுளுக்கும் உரிமம் கிடையாது. இரண்டு வருடம் பார்ப்போம். தோற்றால் மூடிவிடலாம், மூடுவதில் இந்த மாநிலத்துக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

நல்லசாமி ஐயா மாதிரி கள் இயக்கத்துக்காரர்கள் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் மேடையில் கள்ளைப் பற்றிப் பேசுவார். முடிவு எண்ணியதும் மறப்பார். இடையில் பனை ஏறத் தெரிந்த கைகள் வருடா வருடம் குறைகின்றன. இன்னும் கொஞ்ச காலத்தில் அரசாங்கம் மனம் மாறிச் சட்டத்தைத் திருத்தினாலும், மரம் ஏற ஆள் இருக்கமாட்டார். அந்த அறிவைக் கெக்கில் அடைத்து 4 டிகிரியில் வைக்க முடியாது மக்களே. அது ஆளோடு வந்து ஆளோடு போகிறது.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் அறையில் யாரும் பானை வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம். 4ஆம் பிரிவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், ஆனால் பாலுக்கு ஒரு நியாயம், பாளைக்கு ஒரு நியாயம் ஏன் என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திட்டவும்.